முதல் கேமராவுக்கு அடுத்த லென்ஸ்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

புதிதாகக் கேமரா வாங்கியவர்கள், பெட்டியோடு வந்த 18–55 லென்ஸில் கொஞ்ச நாள் படம் எடுத்துவிட்டு அடுத்துக் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: கழற்றி மாட்டிக்கொண்டிருக்காமல் எல்லாவற்றுக்கும் ஆகிற மாதிரி எந்த லென்ஸ் வாங்கலாம்? டெல்டா மாவட்டங்களில் இருப்பவர்களுக்கு என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 18 மில்லிமீட்டரில் தொடங்கி 135 அல்லது 140 வரை போகிற ஜூம் ஒன்று. இந்த எண் குறையக் குறையக் காட்சி அகலும், கூடக் கூடத் தூரத்தில் இருப்பது கிட்டே வரும். கூடவே 35 அல்லது 50 மில்லிமீட்டரில், எஃப் 1.8 உள்ள சின்ன லென்ஸ் ஒன்று. எஃப் எண் சிறிதானால் லென்ஸின் திறப்பு பெரிது, வெளிச்சம் நிறைய உள்ளே போகும். 18–300, 18–400 எல்லாம் தொடக்கத்தில் வேண்டாம். இதற்கான காரணங்களைத்தான் பேசப்போகிறேன்.

காசைச் செலவழிப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. இதுவரை எடுத்த படங்களைக் கணினியிலோ போனிலோ திறந்து, ஒவ்வொன்றின் விவரப் பகுதியையும் பாருங்கள். எத்தனை மில்லிமீட்டரில் எடுத்தீர்கள் என்று அதில் பதிவாகியிருக்கும். பெரும்பாலான படங்கள் 55இல் இருந்தால், எட்டாத தூரத்துக்கு ஏங்கியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். பெரும்பாலானவை 18இல் இருந்தால் உங்களுக்குக் குறைவது தூரம் அல்ல, அகலம். அப்படிப்பட்டவர் 135ஐக்கூட விட்டுவிட்டு 16–80, 17–70 போன்ற லென்ஸ்களைப் பார்ப்பதே சரி. கடைக்காரர் சொல்வதைவிட உங்கள் படங்கள் சொல்வதைக் கேளுங்கள்.

அகலம் இங்கே ஏன் முக்கியம்? திருவாரூர் ஆழித்தேரை எடுத்துக்கொள்ளுங்கள். அலங்காரத்தோடு 96 அடி உயரம் என்பார்கள். தொடக்கநிலைக் கேமராக்களில், படத்தைப் பதிவுசெய்கிற சென்சார் பெரும்பாலும் ஏபிஎஸ்-சி எனப்படும் அளவில்தான் இருக்கும். அதில் 18 மில்லிமீட்டர் வைத்து, கேமராவை நெட்டுவாக்கில் பிடித்துக் கொஞ்சம் அண்ணாந்தால், அடியிலிருந்து உச்சிவரை முழுத் தேரையும் ஏறக்குறைய 50 அடி தள்ளி நின்றே பிடித்துவிடலாம். அதையே 35இல் எடுக்க ஏறக்குறைய 130 அடி பின்வாங்க வேண்டும். தேரோட்டக் கூட்டத்தில் 130 அடி தள்ளி நின்றால், இடையில் இருப்பவர்கள் தூக்கிப் பிடித்த போன்கள்தான் படத்தில் விழும்.

அண்ணாந்து எடுத்தால் கோபுரமும் தேரும் பின்பக்கம் சாய்வதுபோல் தெரியும். அது லென்ஸின் குறை அல்ல. சென்சார் சாய்ந்ததால் வருவது. தஞ்சைப் பெரிய கோயில் விமானம் 216 அடி. 18இல், கேமராவைச் சாய்க்காமல் நேராகப் பிடித்து முழு விமானத்தையும் எடுக்க 330 அடி தள்ளி நிற்க வேண்டும். நந்தி மண்டபத்தின் பக்கம் வந்தால் அவ்வளவு இடம் கிடைக்கும். படத்தின் கீழ்ப்பாதியில் தரை நிறைய வரும், அதைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். ட்ரைபாடை நம்பிப் போகாதீர்கள். தொல்லியல் துறையின் இடங்களில் அதற்குத் தனி அனுமதி வேண்டும்.

இனி ஜூமின் மறுமுனை. வரப்பில் நின்றுகொண்டு நடுவயலில் நாற்று நடுகிறவர்களின் முகத்தை எடுக்க, தேர் உச்சியில் உள்ள பொம்மைகளை எடுக்க, கச்சேரி மேடையில் ஒருவரை மட்டும் எடுக்க 135 போதும். கொடியக்கரைக்குப் போய்ப் பூநாரை எடுக்க வேண்டுமென்றால் 135 போதாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்காக 18–400 வாங்குவது நல்ல வழி இல்லை. அகலக் கோணத்தையும் நெடுந்தூரத்தையும் ஒரே குழாய்க்குள் அடக்கும்போது ஓரங்களில் கூர்மை குறையும், நேர்கோடுகள் வளையும், எடையும் 700 கிராமைத் தாண்டும். பறவைதான் உங்கள் ஆசை என்று உறுதியானால், பிறகு 55–250 அல்லது 70–300 ஒன்றைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விட நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வெளிச்சத்தைப் பற்றி. லென்ஸின் மேல் 3.5–5.6 என்று எழுதியிருக்கும். 18இல் இருக்கும்போது எஃப் 3.5 வரை திறக்கும், ஜூமை நீட்ட நீட்டச் சுருங்கி 5.6க்கு வந்துவிடும் என்பது அதன் பொருள். பாதி ஜூமைத் தாண்டுவதற்குள்ளேயே 5.6ஐ நெருங்கிவிடும். எஃப் 2.8 விடுகிற வெளிச்சத்தில் 5.6 விடுவது கால்பங்குதான். ஒரு சாதாரணக் கல்யாண மண்டப வெளிச்சத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஐ.எஸ்.ஓ., அதாவது சென்சாரின் ஒளியுணர்வை, 3200 வைத்து, எஃப் 5.6இல் எடுத்தால் ஷட்டர் ஏறக்குறைய விநாடியில் 60இல் ஒரு பங்கு நேரம் திறந்திருக்க வேண்டும். அதே இடத்தில் 2.8 இருந்தால் விநாடியில் 250இல் ஒரு பங்கே போதும். மாலை மாற்றுகிற கை, சலங்கை கட்டி ஆடுகிற கால், தவில்காரரின் விரல் எதுவும் விநாடியில் 60இல் ஒரு பங்கு நேரத்தில் நிற்காது, கலங்கித்தான் வரும்.

அதற்குத்தான் லென்ஸில் அசைவுத்தடுப்பு இருக்கிறதே என்பார்கள். கேனான் அதை ஐ.எஸ். என்கிறது, நிக்கான் வி.ஆர்., சோனி ஓ.எஸ்.எஸ்., டாம்ரான் வி.சி. அது உங்கள் கை நடுக்கத்தை மட்டுமே தடுக்கும். ஆடுகிறவரின் அசைவை அதனால் நிறுத்த முடியாது. கோயில் தூண், கல்வெட்டு, அந்தி நேரத்துத் தெப்பக்குளம் போன்ற அசையாதவற்றுக்கு அது பெரிய உதவி. அது இல்லாத பழைய ஜூம் லென்ஸ் மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். அது இல்லாமல் 135இல் கையில் பிடித்து எடுக்க, ஷட்டர் விநாடியில் 200இல் ஒரு பங்கு அல்லது அதைவிட வேகமாக இருக்க வேண்டும்.

அந்த எஃப் 1.8 சின்ன லென்ஸைக் கூடவே வாங்கச் சொன்னதற்குக் காரணம் இதுதான். 5.6ஐவிட ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் விடும். மேலட்டூர் பாகவத மேள நாட்டிய நாடகம்போல இரவில் நடப்பதற்கும், சுவாமிமலைச் சிற்பக்கூடத்தின் உள்ளிருட்டுக்கும், வீட்டில் குத்துவிளக்கு முன் குழந்தைக்கும் அதை மாட்டுங்கள். 35 வீட்டுக்குள் வசதி, 50 மேடைக்கு வசதி. கேமராவில் எழும்பும் ஃபிளாஷை நம்பாதீர்கள். நீளமான ஜூமை 18இல் வைத்து ஃபிளாஷ் அடித்தால், லென்ஸின் நிழலே படத்தின் அடியில் அரைவட்டமாக விழும். லென்ஸின் முன் வெயில் மறைப்பாக மாட்டும் ஹூட் இருந்தால் இன்னும் மோசம்.

அடுத்து, பொருத்தம். இதில்தான் நிறையப் பேர் பணத்தை இழக்கிறார்கள். கேனான் என்று எழுதியிருந்தால் போதாது. 1500டி, 200டி போன்றவற்றில் இ.எஃப்., இ.எஃப்-எஸ் லென்ஸ்கள் ஏறும். ஆர்50, ஆர்10 கேமராக்களுக்கு ஆர்.எஃப். வகை, பழைய இ.எஃப்-எஸ் லென்ஸை அவற்றில் அடாப்டர் வைத்து மாட்டலாம், ஆனால் ஆர்.எஃப். லென்ஸைப் பழைய கேமராவில் மாட்ட வழி இல்லை. கேனான் எம்50 இரண்டிலும் சேராத தனி மவுன்ட், அதாவது லென்ஸ் மாட்டும் வாயே வேறு. நிக்கானில் டி3000, டி5000 வரிசைகளில் கேமராவுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. அதனால் ஏ.எஃப்-எஸ் போல, தன் மோட்டார் உள்ள லென்ஸே வேண்டும். பழைய ஏ.எஃப்-டி லென்ஸ் மாட்டினால் படம் எடுக்கலாம், ஃபோகஸை மட்டும் கையால் திருப்ப வேண்டியிருக்கும். கடைக்குப் போகும்போது கேமராவையே எடுத்துப்போய்விடுவது நல்லது.

கடையில் என்ன பார்க்க வேண்டும்? ஜூமை 18இலிருந்து கடைசிவரை மெதுவாகத் திருப்புங்கள். ஓரிடத்தில் இறுகி ஓரிடத்தில் தளர்ந்தால் வேண்டாம். கேமராவைத் தரை நோக்கித் தொங்கவிடுங்கள். லென்ஸ் தானாக நீளுகிறதா? சில லென்ஸ்களில் இதைத் தடுக்க 18இல் ஒரு பூட்டு இருக்கும். பிறகு ஒரு செய்தித்தாளைச் சுவரில் தட்டையாக ஒட்டி, எதிரே நேராக நின்று, 18, 50, 135 மூன்றிலும் முழுத் திறப்பில் ஒன்று, எஃப் 8இல் ஒன்று எடுங்கள். திரையில் பெரிதாக்கி நான்கு மூலைகளையும் பாருங்கள். நான்கும் ஒரே அளவு மங்கலாக இருந்தால் அது அந்த வகை லென்ஸின் இயல்பு. எஃப் 8இல் தெளிந்துவிடும். இடது மூலை தெளிவாக, வலது மூலை குழம்பியிருந்தால் உள்ளே ஒரு கண்ணாடி இடம் விலகியிருக்கிறது. அந்த லென்ஸை விட்டுவிட்டு அதே மாடலில் வேறொன்றைக் கேளுங்கள்.

பழைய லென்ஸ் என்றால் போன் டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்து, முன்பக்கமாகச் சாய்வாகப் பாருங்கள். நாலைந்து தூசி இருந்தால் பாதகமில்லை. சிலந்தி நூல்போல வெண்மையாகக் கிளை விட்டிருந்தால் ஃபங்கஸ், அதாவது பூஞ்சை. எவ்வளவு மலிவானாலும் வாங்காதீர்கள். முன்கண்ணாடியில் மெல்லிய கீறல் இருந்தால் படத்தில் பெரும்பாலும் தெரியாது. பின்கண்ணாடிக் கீறல் தெரியும்.

போலரைசர் ஃபில்டர் ஒன்றும் இந்த ஊருக்கு நல்ல பயன் தரும். தண்ணீர் கட்டிய வயலில் வானம் பளபளக்கும், நெல் இலைகளும் வெளுத்துத் தெரியும். ஃபில்டர் வளையத்தைத் திருப்பினால் அந்தப் பளபளப்பு அடங்கிப் பச்சை எழும்பும். சூரியன் உங்கள் பக்கவாட்டில் இருக்கும்போதுதான் வானத்தில் முழுப் பலன். ஆனால் ஒன்றரை, இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்றுவிடும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது), மாலையானதும் கழற்றுங்கள். 18இல் வைத்து வானத்தை எடுத்தால் ஒரு பக்கம் மட்டும் கருத்துத் திட்டாக வரும், அப்போதும் கழற்றுங்கள். ஃபில்டரின் விட்டம் லென்ஸுக்கு லென்ஸ் மாறும். கேனான் 18–135, நிக்கான் டி வரிசைக் கேமராக்களுக்கான 18–140 இரண்டுக்கும் 67 மில்லிமீட்டர், சோனி 18–135க்கு 55. மூடியின் உட்புறத்தில் பெரும்பாலும் எழுதியிருக்கும்.

கடைசியாக, பராமரிப்பு. ஜூமை நீட்டும்போதெல்லாம் லென்ஸ் காற்றை உள்ளிழுக்கும். சம்பா அறுவடையில் இயந்திரம் ஓடும் வயலருகே அந்தக் காற்றோடு தூசியும் சுணையும் போகும். அங்கே லென்ஸைக் கழற்றவே கழற்றாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் லென்ஸைத் தோல்பையிலோ துணிப்பையிலோ வைத்து பீரோவில் பூட்டினால் பூஞ்சை நிச்சயம். ரப்பர் விளிம்புள்ள, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பதமானி போதும். முள் 40க்கும் 50க்கும் இடையில் நிற்கட்டும். மிகவும் வறண்டாலும் ரப்பருக்கும் கிரீஸுக்கும் நல்லதல்ல. ஜெல் மணிகள் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறினால் ஈரத்தைக் குடித்து நிறைந்துவிட்டன. சமையலுக்கு எடுக்காத ஒரு பழைய வாணலியில் போட்டு, சிறு தீயில் நீலம் திரும்பும்வரை வறுத்து, நன்றாக ஆறிய பிறகே டப்பாவுக்குள் வையுங்கள். ஆரஞ்சு நிற மணிகள் பச்சையாக மாறும். அவற்றுக்கும் இதே முறைதான்.

நன்றி, வணக்கம்.