சுண்டைக்கா கால் பணம் (கேரளாவுல கொழிஞ்சாம்பாறை பக்கத்துல ஒரு வாயனசாலையில, அதாவது நூலகத்துல, வாசிப்பு நாளுக்குப் பேசுனது, பேசுன மாதிரியே எழுதிருக்கேன்)

எல்லாத்துக்கும் வணக்கமுங்க. மேடையில இருக்கற பஞ்சாயத்து பிரசிடெண்ட் அம்மா அவங்களுக்கும், காலையிலிருந்து மைக் செட்டுக்காரரோட சண்டை போட்டு இந்த மைக்கைப் பேச வெச்ச வார்டு மெம்பருக்கும், வாயனசாலை செக்ரட்டரி அவங்களுக்கும், எனக்கு ஏழாங்கிளாஸ்ல கணக்குச் சொல்லிக் குடுத்து இப்பவும் முன்வரிசையில உக்காந்து நான் தப்புப் பண்ணுவனான்னு பாத்துட்டு இருக்கற என்ற வாத்தியாருக்கும் தனியா ஒரு கும்பிடு. பொன்னாடை போத்துனீங்க, சந்தோசம், ஆனா அந்தக் காசுக்கு ரெண்டு புஸ்தகம் வந்திருக்கும், அத அப்பறம் பேசறேன்.

இன்னைக்கு ஜூன் 19. பி.என். பணிக்கர் காலமான நாளு, 1995ல. கேரளா பூரா ஊருக்கு ஊரு வாயனசாலை வரோணும்னு அலைஞ்ச மனுசன். இப்படியொரு நாள்ல தெர்மோடைனமிக்ஸ், அதாவது சூட்டுல இருந்து வேலை வாங்கற கணக்கு, பேச வந்திருக்கானேன்னு உங்களுக்குத் தோணும். மூணு விஷயம் பேசலாம்னு வந்தேன். ஒண்ணு, ஒரு ஐடியல் கேஸ் சைக்கிளுக்கு, அதாவது சிலிண்டர்ல அடைச்ச கேஸ் சூடாகி, விரிஞ்சு, ஆறி, புறப்பட்ட எடத்துக்கே திரும்பற சுத்துக்கு, எஃபிசியன்சி எப்படிக் கணக்குப் போடறது. ரெண்டு, கார்னோன்னு ஒரு பிரெஞ்சுக்காரர். மூணு, ஸ்டெர்லிங் இன்ஜின்னு வெளியிலிருந்து சூடு குடுத்து ஓட்டற ஒரு இன்ஜின்.

எங்கப்பத்தா ஒரு பழமொழி சொல்லும், சுண்டைக்கா கால் பணம், சுமகூலி முக்கால் பணம்னு. எஃபிசியன்சிங்கறது இதேதானுங்க, வேற ஒண்ணுமில்ல. நீங்க போட்ட காசுல சரக்குக்குப் போனது எவ்வளவு, சுமகூலிக்குப் போனது எவ்வளவு. புஸ்தகத்துல பயனுறுதிறன்னு போட்டிருக்கும், நல்ல வார்த்தைதான்.

சரி, கணக்கு. ஒரு சிலிண்டர்ல ஹீலியம், 1 லிட்டர், 1 பார் அழுத்தம், 300 கெல்வின், அதாவது 27 டிகிரி செல்சியஸ். முதல்ல பிஸ்டனை அசைய விடாம சூடு பண்ணி 2 பாருக்கு ஏத்தறோம். அப்பறம் அழுத்தத்த அப்படியே வெச்சுட்டு 2 லிட்டர் வரைக்கும் விரிய விடறோம். பொறவு ஆற வெச்சு 1 பாருக்கு எறக்கி, கடைசியா 1 லிட்டருக்கு அமுக்கிட்டு வந்தா புறப்பட்ட எடத்துக்கே வந்தாச்சு. கிராப்ல போட்டா நம்ம வயல் வரப்பு மாதிரி ஒரு சதுரம். அந்தச் சதுரத்துக்குள்ள இருக்கற பரப்புதான் கெடைச்ச வேலை, 100 ஜூல், வேலைக்கும் சூட்டுக்கும் அதுதான் அளவு. விரியறப்ப 200 குடுத்துச்சு, அமுக்கறப்ப 100 திருப்பி வாங்கிக்கிச்சு.

நாம குடுத்த சூடு எவ்வளவு? ஹீலியம் எவ்வளவு சூடு வாங்கும்னு இருக்கற ஃபார்முலாவுல போட்டா முதல் படியில 150 ஜூல், ரெண்டாவது படியில 500, ஆக 650. நூற அறுநூத்தம்பதால வகுத்தா 15.4 சதவீதம். மீதி 550 ஜூல் வெளிய போயிருச்சு. ஹீலியத்துக்குப் பதிலா காத்து அடைச்சா 950 குடுக்கோணும், வேலை அதே 100தான், 10.5க்கு எறங்கிரும். சுண்டைக்கா கால் பணம் கூட இல்லீங்க, அரைக்கால் பணந்தான் தேறுது!

பசங்க எங்க சறுக்குவாங்கன்னா, குடுத்த 650ல வெளிய போன 550ஐக் கழிச்சு, அந்த நூறக் கீழ போட்டு வகுத்துருவாங்க. நூத்துக்கு நூறு வந்துரும். ஒரு பையன் அப்படிப் போட்டுட்டு சார் ஃபுல் எஃபிசியன்சின்னு சிரிச்சான், நான் முட்டை போட்டேன். கீழ வர்றது குடுத்த சூடு மட்டுந்தான். எந்தப் படியில சூடு உள்ள வருது, எதுல வெளிய போகுதுன்னு ஒவ்வொரு படியாப் பாக்காம கணக்கத் தொடவே கூடாது.

வெளிய போற சூடுன்னு சொன்னதும் எங்க மாமன் ஞாபகம் வந்துருச்சு, இதச் சொல்லாம போனா எனக்குத் தூக்கம் வராது. வேலந்தாவளம் போற வழியில எங்களுக்கு ஒரு தென்னந்தோப்பு, கெணத்துமேட்டுல ஆயில் இன்ஜின். கரண்டு வராத காலம். அந்த இன்ஜின் ஒடம்ப ஆத்தறதுக்குன்னு ஒரு சின்னக் குழாயில தண்ணி உள்ள போயி இன்னொரு குழாயில வெதுவெதுன்னு வெளிய ஊத்தும், மார்கழி மாசம் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து ஊசியாக் குத்தறப்ப நாங்க ஏழெட்டுப் பசங்க அந்தக் குழாய்க்கு அடியில போய் உக்காந்துக்குவோம், எங்கம்மா கூப்புட்டாலும் வரமாட்டோம், சோப்புக் கூட அங்கதான். எங்க மாமன் கடுங்கணக்கு ஆளு. ஒரு நாள் குழாய்ல கைய வெச்சுப் பாத்துட்டு, அடேய், நான் காசு குடுத்து டீசல் ஊத்தறேன், அந்தச் சூட்டுல நீங்க குளிச்சுட்டுப் போறீங்களான்னு தண்ணிக் குழாய் வால்வ இறுக்கமா அடச்சுட்டாரு. சூடு உள்ளயே நின்னா இன்ஜின் இன்னும் வேகமா ஓடும்னு அவரு கணக்கு. கொஞ்ச நேரம் ஓடுச்சு, சத்தம் மாறுச்சு, பொறவு ஒரு கிறீச்சு, நின்னே போச்சு. பொள்ளாச்சியிலிருந்து மெக்கானிக் வந்து ஹெட்டக் கழட்டிப் பாத்தா பிஸ்டன் சிலிண்டரோட ஒட்டிக் கெடக்குது. அந்தாளு மெதுவா, ஏனுங்க, சளி புடிச்சவன் மூக்க அடச்சா வாயில மூச்சு விடுவான், இன்ஜின் எங்க போகும்னு கேட்டாரு. மாமன் அந்த மாசம் பூரா எங்க கூட பேசல, வெந்நி போனதுக்கு நாங்களும் அவரு கூடப் பேசல.

வாத்தியாரு மொறைக்கறாரு, சரிங்க சொல்லிர்றேன். பிஸ்டன் ஒட்டுனது இரும்பு விரிஞ்சு எண்ணெய் காஞ்ச சமாச்சாரம், அது கார்னோ சொன்னது கெடையாது. டீசல் இன்ஜின்ல சைக்கிளோட கழிவுச் சூடு முக்கியமா சைலன்சர் வழியாத்தான் போகுது. ஆனா வெளிய கொஞ்சம் விட்டே ஆகோணுங்கறத எங்க மாமன் மாதிரி யாரும் வெலை குடுத்துப் படிச்சிருக்க மாட்டாங்க.

அந்தக் கார்னோ, முழுப்பேரு சாதி கார்னோ, 1824ல 28 வயசுல ஒரு சின்னப் புஸ்தகம் போட்டாரு, நெருப்போட இயக்க சக்தியப் பத்தி. எந்த இன்ஜினா இருந்தாலும் சூடான பக்கத்துக்கும் குளிர்ந்த பக்கத்துக்கும் இருக்கற வித்தியாசத்துலதான் பொழைப்பு ஓடுதுன்னாரு. நம்ம சதுரத்துல குறைஞ்ச சூடு 300 கெல்வின், அழுத்தமும் ரெண்டு மடங்கு, அளவும் ரெண்டு மடங்கு ஆனதால அதிக சூடு நாலு மடங்கு, 1200. இந்த ரெண்டுக்கும் நடுவுல எவனும் 75 சதவீதத்துக்கு மேல எடுக்க முடியாது. கடவுளே இன்ஜின் செஞ்சாலும் கால் பணம் சுமகூலி போகுமுங்க. நாம எடுத்தது 15. கெல்வின்லதான் போடோணும், 27 டிகிரி 927 டிகிரின்னு செல்சியஸ்ல போட்டா 97 வரும், அத நம்பி யாரும் இன்ஜின் வாங்கிராதீங்க.

அந்தப் புஸ்தகத்த யாரு படிச்சாங்க? கிட்டத்தட்ட யாருமில்ல. 1832ல காலரா வந்து அவரு செத்துப் போனாரு, 36 வயசு. 1834ல கிளாபெய்ரோன்னு ஒருத்தர் அத எடுத்து கிராப் போட்டு எழுதுன பொறவுதான் விஷயம் மெல்ல வெளிய வந்துச்சு. பத்து வருஷம் ஒரு புஸ்தகம் அலமாரியில தூங்கியிருக்குது.

அட, அவரு புஸ்தகம் அலமாரியிலயாவது இருந்துச்சு. நம்ம தமிழ்ப் புஸ்தகம் எங்கீங்க இருக்குது? இந்தப் பாலக்காட்டுச் சித்தூர் தாலூக்காவுல பத்தாவது வரைக்கும் தமிழ்ல படிச்ச புள்ள பிளஸ் ஒன்ல போய் இங்கிலீஷ்ல அடியபாட்டிக்னு பாத்தா முழிக்காம என்ன செய்யும்? வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வுன்னு ஒரு தடவ தமிழ்ல படிச்சிருந்தா பேருலயே அர்த்தம் இருக்குது, சூடு உள்ளயும் வராது வெளியயும் போகாது. போன வருஷம் இதுக்கு ஒரு புஸ்தகம் கேட்டு நான் ஒரு ஆபீஸ் ஏறுனேன், எந்த ஆபீஸ்னு சொல்ல மாட்டேன், நாலு தடவ பஸ்சுல போயிட்டு வந்தேன், பஸ் சார்ஜ் புஸ்தக வெலையத் தாண்டிருச்சு. சுண்டைக்கா கால் பணம், சுமகூலி முக்கால் பணம்!

அதனால பிரசிடெண்ட் அம்மாவ வெச்சுட்டே கேக்கறேன். பின்னாடி பழைய சேர் அடைச்சு வெச்சிருக்கற ரூம் இருக்குதே, அதத் தொறந்து ஒரு அலமாரி, தமிழ்ல அறிவியல் புஸ்தகம் மட்டும். தமிழ்நாட்டுப் பதினொண்ணாவது பிசிக்ஸ் புஸ்தகம் பத்துக் காப்பி போதும் ஆரம்பிக்க. சனிக்கெழமை சாயங்காலம் நான் வந்து கணக்குப் போட்டுக் காட்டறேன், சம்பளம் வேண்டாம், ஒரு டீ போதும். அம்மா தலைய ஆட்டறாங்க, சரின்னு ஆட்டறாங்களா, நேரமாச்சுன்னு ஆட்டறாங்களா தெரியல.

ஸ்டெர்லிங் இன்ஜின் பத்திச் சொல்றேன்னேன், செக்ரட்டரி வாட்ச்சக் காட்டறாரு, அது சனிக்கெழமை. மனு எழுதிக் கொண்டாந்திருக்கேன், பின்வரிசையிலிருந்து கையெழுத்துப் போட்டுட்டே முன்னாடி அனுப்புங்க, தமிழ்லயே போடுங்க. பேனா என்ற மருமக வாங்கிக் குடுத்தது, அத மட்டும் திருப்பிக் குடுத்துருங்க.