கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என்ன கேட்பது? டிக்னிட்டி தெரபி

வணக்கம். இனி குணமாகாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்ட ஒருவரைப் பார்க்கப் போகிறோம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறோம். சாப்பிட்டீர்களா, ராத்திரி தூங்கினீர்களா என்று விசாரிக்கிறோம். அதற்கப்புறம் பேச்சு நின்றுவிடுகிறது. அந்த இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வதையே தொழிலாகக் கற்றவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையாளும் முறைகளில் ஒன்றை, டிக்னிட்டி தெரபியை, அதாவது நோயாளியின் மாண்பைக் காப்பதற்கான பேச்சுச் சிகிச்சையை, இந்த வீடியோவில் விளக்கமாகப் பார்ப்போம்.

[திரையில்: கனடா வரைபடம், வின்னிபெக் நகரம்]

இதை உருவாக்கியவர் ஹார்வி மேக்ஸ் சோச்சினாவ், கனடாவின் வின்னிபெக்கில் பணியாற்றும் மனநல மருத்துவர். 1991-இல் லான்செட் மருத்துவ இதழில் நெதர்லாந்து ஆய்வு ஒன்று வந்தது. கருணைக்கொலை கேட்ட நோயாளிகள் ஏன் கேட்டார்கள் என்று அவர்களுடைய மருத்துவர்களிடம் விசாரித்தபோது, வலியைவிட அதிகமாகச் சொல்லப்பட்ட காரணம் மாண்பை இழந்துவிட்டோம் என்பதுதான். வலிக்கு மார்ஃபின் இருக்கிறது. இதற்கு என்ன கொடுப்பது?

சோச்சினாவ் தன் நோயாளி ஒருவரைப் பற்றிச் சொல்வதுண்டு. மூளையில் கட்டி வந்து, உடம்பு வற்றிக் கிடந்த இளைஞர். கட்டிலுக்குப் பக்கத்தில் அவருடைய பழைய போட்டோ ஒன்று இருந்தது. அதில் அவர் முறுக்கேறிய உடம்போடு நிற்கும் பாடிபில்டர். உள்ளே வருகிறவர்கள் எல்லோரும் அந்த ஆளைப் பார்க்கட்டும் என்றுதான் அந்தப் போட்டோவை வைத்திருக்கிறார் என்பது சோச்சினாவுக்குப் புரிந்தது. இந்தச் சிகிச்சை முழுவதற்கும் அடிப்படை அதுதான்.

சரி, எப்படி நடக்கிறது? கேள்விகளை முன்கூட்டியே கொடுத்துவிடுவார்கள். யோசிக்க அவகாசம் வேண்டுமே. அப்புறம் தெரபிஸ்ட் ஒரு ரெக்கார்டரோடு வந்து, அதிகபட்சம் ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்காருவார். கேள்விகள் இந்த மாதிரி இருக்கும்:

உங்கள் வாழ்க்கையில் மறக்க முடியாத காலம் எது? எப்போது உயிர்ப்போடு இருந்ததாக உணர்ந்தீர்கள்? நீங்கள் செய்ததில் எதை நினைத்தால் பெருமையாக இருக்கிறது? வீட்டில் இருப்பவர்களிடம் இன்னும் சொல்லாமல் விட்டது ஏதாவது உண்டா? சொன்னதையே மறுபடி ஒருமுறை சொல்ல ஆசையா?

கவனியுங்கள், இவற்றில் எங்கேயும் சாவு என்ற சொல் இல்லை.

[திரையில்: ரெக்கார்டர், பக்கத்தில் தட்டச்சு செய்த தாள்கள்]

பேசியது முழுவதும் அப்படியே எழுத்தாகிறது. பிறகு தெரபிஸ்ட் சில நாட்களுக்குள் அதைச் செப்பனிடுகிறார். இருமலுக்காக நிறுத்திய இடங்கள், “கொஞ்சம் தண்ணி கொடுங்க” என்று கேட்டது போன்றவை நீக்கப்படும். முன்னும் பின்னுமாகச் சொன்ன சம்பவங்கள் வரிசைக்கு வரும். ஆனால் சொற்கள் நோயாளியுடையவைதான், தெரபிஸ்ட் தன் நடையைப் புகுத்தக்கூடாது.

இதில் கஷ்டமான கட்டம் ஒன்று உண்டு. பேச்சுவாக்கில் ஒருவர், “பெரியவன் கடைசிவரைக்கும் உருப்படவே இல்லை” என்று சொல்லிவிட்டால்? அந்தத் தாளை அந்த மகன் அப்பாவின் காலத்துக்குப் பிறகும் வைத்திருப்பான். அப்போது தெரபிஸ்ட் கேட்பார்: இது இப்படியே அவர் கைக்குப் போகலாமா, வேறு மாதிரி சொல்ல விரும்புகிறீர்களா? முடிவு நோயாளியுடையது, ஆனால் கேட்காமல் விடுவது தவறு. என்னைப் பொறுத்தவரை மொத்தச் சிகிச்சையிலும் அதிகத் திறமை தேவைப்படும் இடம் இதுதான்.

எல்லாம் தயாரானதும் தெரபிஸ்ட் மறுபடி வந்து, அதை முழுவதும் நோயாளிக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுவார். தன் வாழ்க்கையை இன்னொருவர் குரலில் கேட்கும்போது பலருக்கு அழுகை வரும். திருத்தங்கள் முடிந்ததும் தாள்கள் அவர் கையில். யாருக்குக் கொடுப்பது என்பது அவர் இஷ்டம்.

பலன் இருக்கிறதா? 2005-இல் வெளியான முதல் ஆய்வில், கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலுமாக 100 நோயாளிகள் பங்கேற்றார்கள். 91 சதவீதம் பேர் திருப்தி என்றார்கள். 76 சதவீதம் பேருக்கு மாண்புணர்வு கூடியிருந்தது. 2007-இல் அவர்களுடைய குடும்பத்தினரிடம் கேட்டபோது, துக்க காலத்தில் அந்தத் தாள்கள் துணையாக இருந்ததாக 78 சதவீதம் பேர் சொன்னார்கள். ஆனால் 2011-இல் வந்த பெரிய ஒப்பீட்டு ஆய்வில், மனச்சோர்வு போன்றவற்றின் அளவு மற்ற பராமரிப்பைவிடக் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. உதவியாக இருந்ததாக நோயாளிகள் சொன்னார்கள், அவ்வளவுதான். அதனால் இதை மனச்சோர்வுக்கான மருந்தாக யாராவது விற்றால் நம்ப வேண்டாம். நினைவு குழம்பியவர்களுக்கும், பேசவே தெம்பில்லாதவர்களுக்கும் இது பொருந்தாது.

நம் வீடுகளில் வேறொரு சிக்கல் இருக்கிறது. “அப்பாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர், தாங்கமாட்டார்” என்போம். அவருக்கும் பாதி தெரிந்திருக்கும், நமக்காகத் தெரியாத மாதிரி இருப்பார். இரண்டு பக்கமும் பாசம்தான். ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொள்ள இருக்கும் கொஞ்ச நாளும் அதிலேயே கரைந்துபோகிறது.

முழுச் சிகிச்சைக்குப் பயிற்சி பெற்றவர் வேண்டும். அதே சோச்சினாவ் குழு, மருத்துவர்களும் நர்ஸ்களும் நோயாளியிடம் கேட்பதற்காக ஒற்றைக் கேள்வி ஒன்றையும் உருவாக்கியிருக்கிறது: “உங்களை நன்றாகக் கவனித்துக்கொள்ள, ஒரு மனிதராக உங்களைப் பற்றி நாங்கள் என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?” பதிலைச் சில வரிகளில் எழுதி, அவரிடம் காட்டி, அவர் சம்மதித்தால் கேஸ் ஷீட்டோடு சேர்த்து வைக்கிறார்கள். உங்கள் வீட்டில் யாராவது ஆஸ்பத்திரியில் இருந்தால், இதை நீங்களே அவரிடம் கேட்டு எழுதி, வார்டில் இருக்கும் நர்ஸிடம் கொடுக்கலாம்.