லஸ்கர் போகிற வழி

(பாளையங்கோட்டையில் சைக்கிள் குழு ஒன்றின் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம்.

பாபநாசத்தில் ஏறி, தாமிரபரணியோடு கடலோரப் புன்னக்காயல் வரை சைக்கிளில் போவதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எந்த சைக்கிள், எத்தனை கியர் என்று தெரிந்துகொள்ளத்தான் உங்களில் பாதிப் பேர் வந்திருப்பீர்கள். அதை முதலில் முடித்துவிடுகிறேன். மலையடிவாரத்தை விட்டு இறங்கிவிட்டால் மேடு என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. கியர் இல்லாத சைக்கிளே போதும். டயர் மட்டும் கொஞ்சம் தடிமனாக இருக்கட்டும். ஒல்லி டயரோடு வாய்க்கால் கரையில் இறங்கினால் சீமைக்கருவேல முள் உங்களைச் சும்மா விடாது. ரெண்டு ட்யூப், பஞ்சர் ஒட்டுகிற சாமான், ஒரு கைப்பம்பு. அவ்வளவுதான்.

எந்த மாதம் என்பதுதான் யோசிக்க வேண்டிய விஷயம். ஆனி, ஆடியில் மேல்காற்று முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டே வரும். கார் சாகுபடிக்குத் தண்ணீர் விட்டிருந்தால் வாய்க்காலெல்லாம் ஓடும். ஆனால் நெல்லைக்குக் கிழக்கே மதிய வெயில் வறுத்து எடுத்துவிடும். தை, மாசியில் வெயில் இதம், பிசானம் என்கிற நெல் போகத்தின் அறுவடையைப் பார்க்கலாம். காற்று எதிரே நிற்கும், பாதி ரோட்டில் நெல் காயும். என் ஓட்டு ஆனிக்குத்தான்.

இனி வழிக்கு வருகிறேன். நம் ஆட்கள் வரைபடத்தை விரித்தால் கோயில்களுக்குப் புள்ளி வைக்கிறார்கள். பாபநாசநாதர், நெல்லையப்பர், நவதிருப்பதி ஒன்பது. புள்ளிக்குப் புள்ளி மெயின் ரோட்டில் கோடு. அப்படிப் போவதாக இருந்தால் சைக்கிள் எதற்கு? காரில் போகலாம், வேர்க்காமல் இருக்கும். சைக்கிளில் போகிறவன் பார்க்க வேண்டியது அந்தப் புள்ளிகளையெல்லாம் கோத்து வைத்திருக்கிற தண்ணீரை. 128 கிலோமீட்டர் ஓடுகிற ஆற்றில் எட்டு அணைக்கட்டு: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசியாகச் சொன்ன ஸ்ரீவைகுண்டம் மட்டும் ஆங்கிலேயர் காலத்தில் கட்டியது. மற்ற ஏழும் அதற்கு முன்னாலேயே இருந்தவை. எல்லாமாகச் சேர்ந்து சுமார் 86,000 ஏக்கருக்குத் தண்ணீர். பழைய ஊர், கோயில், அக்ரகாரம், சந்தை எதை எடுத்தாலும் ஏதாவது ஒரு கால்வாயின் பெயரைச் சொல்லித்தான் பிழைத்திருக்கிறது.

இந்தக் கால்வாய்க் கரைகளில் நமக்கு முன்னாலிருந்தே சைக்கிள் ஓட்டுகிற ஒருவர் உண்டு. லஸ்கர். எந்த மடையை எப்போது திறப்பது, எதை அடைப்பது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. கேரியரில் ஷட்டர் திருகுகிற இரும்புக் கைப்பிடியைக் கட்டிக்கொண்டு, வேட்டியை மடித்துக்கட்டி, கரையோடு போவார். கல்லிடைக்குறிச்சிப் பக்கம் அப்படி ஒருவர் ஒரு மதகில் நின்று பல்சக்கரத்தைத் திருகிக்கொண்டிருந்தார். பலகை இம்மி இம்மியாக மேலே ஏற, அடியில் தண்ணீர் முதலில் சீறி, பிறகு சத்தமில்லாமல் பரந்தது. சுற்றை மனதுக்குள் எண்ணிக்கொண்டே கேட்டார்: “எங்கன போறிய, தம்பி?” புன்னக்காயலுக்கு என்றேன். “அதுக்கு ஏன் ரோட்டுல போறிய? இந்தக் கரையிலயே போங்க. நெழலாவது கெடைக்கும்.” இந்தப் பேச்சில் நான் சொல்ல வந்ததே அதுதான், அண்ணாச்சி ரெண்டு வரியில் சொல்லிவிட்டார்.

வீரவநல்லூரில் மெயின் ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால் திருப்புடைமருதூர். கடனாநதி தாமிரபரணியோடு சேருகிற இடம். நாறும்பூநாதர் கோயில். இங்கே அவசரப்படாதீர்கள். கோபுரத்தைக் கீழே நின்று பார்த்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். உள்ளே மாடி மாடியாகப் போகிறது. சுவரெல்லாம் பழைய ஓவியம், தூணிலும் உத்தரத்திலும் மரச்சிற்பம். அனுமதி கேட்டுத்தான் ஏற வேண்டும், டார்ச் வேண்டும். ஓவியங்களில் ஒன்று கப்பல். கப்பலுக்குள் குதிரைகள், கூடவே அரபு வணிகர்கள். கடல் எங்கே இருக்கிறது, இந்த ஊர் எங்கே இருக்கிறது! நெல்வயலுக்கு நடுவில் உட்கார்ந்து குதிரைக் கப்பலை எழுதிய ஓவியன் எதைப் பார்த்து எழுதினான், யார் சொல்லிக் கேட்டு எழுதினான்? அந்தக் கப்பலை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடலோரத்துக்குப் போனதும் அதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

அடுத்தது காருகுறிச்சி. நாகஸ்வரத்தில் ஊரின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்ட அருணாசலம் பிறந்த ஊர். சேரன்மகாதேவியில் கன்னடியன் கால்வாயோரம் மிளகுப் பிள்ளையார் இருக்கிறார். மழை பொய்த்தால் மிளகை அரைத்துப் பிள்ளையாருக்குப் பூசி அபிஷேகம் செய்வார்கள். அந்தத் தண்ணீர் கால்வாயில் போய் விழ வேண்டும், அப்போதுதான் மழை வரும் என்பது நம்பிக்கை. மழை வருகிறதோ இல்லையோ, சாமியை எங்கே உட்கார வைக்க வேண்டும் என்று அந்த விவசாயிகளுக்குத் தெரிந்திருக்கிறது. பத்தமடையில் பாய் வாங்குவதானால் கோரை நெசவைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். சைக்கிளில் கட்டிக்கொண்டு போக முடியாது என்பது வேறு விஷயம்.

திருநெல்வேலி நமக்குத் தெரிந்த ஊர். இருந்தாலும் சுலோசன முதலியார் பாலத்தில் ஒரு தடவை சைக்கிளை விட்டு இறங்கி நடக்கலாம். கலெக்டர் ஆபீசில் சிரஸ்தாராக இருந்தவர் தன் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டி, 1843-இல் திறந்த பாலம். அதுவரை அக்கரைக்குப் படகுதான். இதே கொக்கிரகுளத்துக் கரையில்தான் 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நடந்த ஊர்வலத்தில் போலீஸ் தடியடி நடத்தியது. ஆற்றுக்குள் விழுந்தும் விரட்டப்பட்டும் 17 பேர் இறந்தார்கள். கல்வெட்டு இருக்கிற இடம்தான் வரலாற்றுச் சின்னம் என்று நினைக்கிறவர்களுக்காக இதையும் சொல்லி வைக்கிறேன். கொஞ்சம் மேற்கே குறுக்குத்துறை முருகன் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறார். வெள்ளம் வந்தால் உற்சவரைக் கரையில் இருக்கிற மேலக்கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். மூலவர் தண்ணீருக்குள் இருப்பார். அந்தக் கோயில் வெள்ளத்தோடு ஒரு ஏற்பாட்டுக்கு வந்திருக்கிறது. சாக்கடையோடு நாம்தான் எந்த ஏற்பாட்டுக்கும் வரவில்லை. ஊருக்குள் பாளையங்கால்வாய்க் கரையில் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். அதற்காக அந்தப் பகுதியை விட்டுவிட வேண்டாம், அதையும் பாருங்கள்.

கிருஷ்ணாபுரம் கோயில் சிற்பங்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. பஸ்ஸில் போனாலும் அவை அப்படியேதான் இருக்கும். மருதூருக்குத் திரும்புங்கள். அந்த அணைக்கட்டு ஆற்றுக்குக் குறுக்கே நேராகப் போகாது. லாட வடிவில் வளைந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும். உயரம் அதிகமில்லை, தண்ணீர் மேலேறி வழிந்து போகும். ஆற்றை முழுக்கத் தடுக்காமல், வேண்டியதை மட்டும் பக்கவாட்டில் திருப்பிக்கொள்கிற வேலை.

அங்கிருந்து மேலக்கால் என்கிற கால்வாய்ப் பக்கமாகக் கருங்குளம் தாண்டி ஆதிச்சநல்லூர் போகும்போது உங்கள் தொடைக்கு ஒன்று தெரியும். வயலும் வாழையுமாகத் தட்டையாக வந்த வழி சட்டென்று கொஞ்சம் ஏறும். சிவப்பு மண், பரல் கல். காரில் வந்தால் அந்த ஏற்றம் தெரியவே தெரியாது. அதுதான் பரம்பு. செத்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த 114 ஏக்கர் பழங்கால இடுகாடு. 1876-இல் ஜெர்மனியிலிருந்து வந்த யாகோர் தோண்டி எடுத்துக்கொண்டு போனவை பெர்லினில் இருக்கின்றன. பிறகு தொல்லியல் துறையின் அலெக்சாண்டர் ரீ தோண்டியவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில். இப்போது குழியின் மேலேயே கண்ணாடி பதித்து, தாழிகளை இருந்த இடத்திலேயே பார்க்க வைத்திருக்கிறார்கள். செத்தவர்களுக்கு ஏன் இந்த மேடு? என் கணக்கு எளிமையானது. தண்ணீர் ஏறுகிற நிலம் நெல்லுக்கு, ஏறாத நிலம் தாழிக்கு. ஆற்றுக்கு வடக்கே சிவகளைப் பரம்பில் தாழிக்குள் கிடைத்த நெல்லுக்குக் காலம் கி.மு. 1155 என்று 2021-இல் அறிவித்தார்கள். வயலில் விளைந்ததைப் பரம்பு வரைக்கும் சுமந்துகொண்டு போய் வைத்திருக்கிறார்கள்.

ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி. நம்மாழ்வாரின் புளியமரத்தடியில் எவ்வளவு நேரம் உட்காருவது என்பது அவரவர் பக்தியைப் பொறுத்தது. ஸ்ரீவைகுண்டத்தில் யாரிடமாவது 2023 டிசம்பரைப் பற்றிக் கேளுங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய சென்னை ரயில் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் சுமார் 800 பயணிகளோடு வெள்ளத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. வெள்ளம் எதுவரை வந்தது என்று வீட்டுச் சுவரில் கை வைத்துக் காட்டுவார்கள்.

அதற்குக் கிழக்கே இருப்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. கொற்கைக்குப் போனால் கடல் இருக்காது. குளமும் வயலும் வாழையும்தான். பாண்டியரின் முத்துத் துறைமுகம், கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய ‘பெரிப்ளுஸ்’ முத்துக்குளிப்பைச் சொல்கிற ஊர், இன்றைக்குக் கடலை விட்டு ஆறேழு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. ஆறு மண்ணைக் கொண்டுவந்து போட்டுப் போட்டுக் கடலைத் தள்ளிவிட்டது. கடலைத் துரத்திக்கொண்டு துறைமுகமும் போயிருக்கிறது: கொற்கைக்கு அடுத்து பழையகாயல், அதற்கும் அடுத்து போர்த்துகீசியர் வந்து இறங்கிய புன்னக்காயல். நாம் ஒரே முற்பகலில், டீக்கும் நிறுத்திக்கொண்டு, இந்த மூன்றையும் சைக்கிளில் தொட்டுவிடலாம்.

இப்போது அந்தக் கப்பல். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்கோ போலோ காயலைப் பற்றி (பழையகாயல்தான் அது என்பார்கள்) எழுதும்போது, ஹோர்முஸ், ஏடன் பக்கத்துக் கப்பல்கள் குதிரைகளை ஏற்றிக்கொண்டு இந்தத் துறைக்குத்தான் வருகின்றன என்கிறார். திருப்புடைமருதூர் ஓவியம் அதற்கு ரொம்பக் காலம் பிந்தியது. ஆனால் குதிரை வந்து இறங்குகிற கடல் ஒன்று கீழே இருக்கிறது என்ற நினைவு இந்த ஆற்றோரம் அத்தனை தூரம் மேலே போயிருக்கிறது. இரண்டு ஊரையும் ஒரே பயணத்தில், ஒரே தண்ணீரோடு பார்த்ததால்தான் எனக்கு இது தோன்றியது. நெல்லையில் இருந்துகொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே, இன்னொரு ஞாயிற்றுக்கிழமை இங்கே என்று போயிருந்தால் தோன்றியிருக்காது.

கடைசியாகக் குழுவுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் அறிவித்திருக்கிற பயணம் ஒரே நாள், நேரக் கெடு, முதலில் வருகிறவருக்குப் பதக்கம். பதக்கம் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கெடுவை மட்டும் எடுத்துவிட்டு ரெண்டு நாளாக்குங்கள்; முதல் நாள் நெல்லையோடு நிற்கட்டும். சில இடங்களில் கரையில் கேட் போட்டிருக்கிறார்கள். நாற்பது, ஐம்பது சைக்கிள் சேர்ந்து போவதென்றால் நீர்வளத்துறைக்கு முன்கூட்டியே ஒரு கடிதம் கொடுப்பது நல்லது. அதை யார் எழுதுவது என்று இங்கேயே பேசி முடித்துவிடலாம்.