வேறு வேறு கம்பெனிப் பெட்டிகள் ஒரே ரயிலில் எப்படிச் சேர்ந்தன?

அடுத்த கேள்வி. நேயர் ஒருவர் கேட்கிறார்: “அமெரிக்க கூட்ஸ் ரயிலில் ஒவ்வொரு பெட்டியிலும் ஒவ்வொரு கம்பெனிப் பெயர் இருக்கிறது. எல்லாமே தனியார் ரயில்வே. அப்படியிருக்க, பெட்டிகள் எப்படி ஒன்றோடொன்று பொருந்துகின்றன? அரசாங்கம் ஒரே டிசைன் கொடுத்ததா?”

ஒரு முறை கொடுத்தது. அதற்குக் கடைசியில் வருகிறேன். ஆனால் பொருத்தம் வந்தது டிசைனால் இல்லை, ரிப்பேர்ச் செலவுத் தகராறால்.

சிகாகோவில் ஏற்றிய தானியம் நியூயார்க் போகும் வழியில் பாதை ஒரு கம்பெனியிடமிருந்து இன்னொரு கம்பெனிக்கு மாறும். ஒவ்வொரு முறையும் இறக்கி ஏற்றினால் கூலியே தின்றுவிடும். அதனால் பெட்டியையே அடுத்தவர் தண்டவாளத்தில் அனுப்பினார்கள். சரி, என் பெட்டி உங்கள் ஊரில் உடைந்தால்? யார் சரிசெய்வது, யார் காசு? 1867ல் தொடங்கிய மாஸ்டர் கார் பில்டர்ஸ் சங்கம் (ரயில்வே கம்பெனிகளின் பெட்டிப் பட்டறைப் பொறுப்பாளர்கள் சேர்ந்தது) இதற்குத்தான் விதி எழுத உட்கார்ந்தது. விதி எழுதப் போனவர்கள், உதிரிப் பாகமும் ஒன்றாக இருந்தால்தான் கணக்கு தீரும் என்று கண்டார்கள்.

முக்கியமான இடம் கப்ளிங், அதாவது இரண்டு பெட்டிகளைக் கோக்கும் இணைப்பு. பழைய முறையில் ஒரு இரும்பு வளையம், அதை மாட்டி நிறுத்த ஒரு இரும்பு ஆணி. பிரேக்மேன் என்ற ரயில் தொழிலாளி இரண்டு பெட்டிக்கு நடுவே நின்று வளையத்தைக் கையால் பிடித்து நுழைக்க வேண்டும். விரல் போனவர்கள் ஏராளம், உயிர் போனவர்களும் உண்டு. ஈலை ஜேனி என்பவர், ஜவுளிக்கடையில் எழுத்தராக இருந்தவர், 1873ல் தானாகக் கோத்துக்கொள்ளும் கப்ளருக்குக் காப்புரிமை வாங்கினார். இரண்டு கைகள் விரல் மடக்கிக் கோத்துக்கொள்வதுபோல இருக்கும். (நம்மூர் கூட்ஸ் வண்டியில் இன்றைக்கு இருக்கும் சென்டர் பஃபர் கப்ளரும் இந்த வம்சம்தான்.)

1887ல் சங்கம் இதைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் காப்புரிமை ஒருவர் கையில் இருக்கும்போது எல்லோரும் எப்படிச் செய்வது? முகப்பின் வளைவுக்கோட்டுக்கு மட்டும் ஜேனி தரப்பு உரிமையை விட்டுக்கொடுத்தது. வெளிமுகம் பொது, உள்ளே இருப்பது அவரவர் விருப்பம். விளைவு என்ன தெரியுமா? எந்தக் கப்ளரும் எந்தக் கப்ளரோடும் சேர்ந்தது, ஆனால் ஒன்றின் உடைந்த பாகம் இன்னொன்றுக்குப் பொருந்தவில்லை. ஒவ்வொரு பட்டறையும் விதவிதமான நக்கிள்களை (கப்ளரில் விரல்போல மடங்கும் பாகம்) வாங்கி அடுக்கியது. 1916ல் டி வகைக் கப்ளர் வந்தபோதுதான் உள்பாகமும் ஒன்றானது.

தானாகக் கோக்கும் கப்ளரையும், காற்றழுத்தத்தில் இயங்கும் ஏர் பிரேக்கையும் கட்டாயமாக்கிய சட்டம் 1893. முழுதாக அமலானது 1900ல்.

இப்போது அரசாங்க டிசைனுக்கு வருகிறேன். முதல் உலகப்போரில் ரயில்வே முழுவதையும் அரசு எடுத்துக்கொண்டு, 1918ல் ஒரு சில மாதிரிகளில் 1,00,000 சரக்குப் பெட்டிகள் ஆர்டர் செய்தது. பல கம்பெனிகளுக்குக் கோபம். தாங்கள் கேட்காத பெட்டியைத் தலையில் கட்டி, பணத்தையும் தங்களிடமே வாங்குகிறார்களே என்று. 1920ல் ரயில்வே திரும்பத் தனியார் கைக்குப் போனது. அப்புறம், அந்த அரசு மாதிரிகளில் ஒன்றான, நிலக்கரி ஏற்றும் 55 டன் ஹாப்பரை (அடிப்பக்கம் திறந்து சரக்கைக் கொட்டும் பெட்டி), யாரும் கட்டாயப்படுத்தாமல், பல கம்பெனிகள் தாங்களாகவே ஆர்டர் கொடுத்து வாங்கின.