சின்கோனா எந்தப் பாடம்?

வணக்கம் நேயர்களே.

உயிரியல் படித்து, பள்ளியில் அறிவியல் ஆசிரியராக வேண்டும் என்று நினைக்கிற பிள்ளைகளுக்காகப் பேச அழைத்திருக்கிறார்கள். நீலகிரியில் கூடலூர் பக்கம் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்து ஓய்வு பெற்றவள் நான். அட்மிஷன் சமயத்தில் வீட்டுக்கு வந்து கேட்பவர்களிடம் சொல்வதைத்தான் இங்கேயும் சொல்லப் போகிறேன்.

"நீட்ல மார்க் வரல டீச்சர், அதனால பி.எஸ்சி. சேரலாம்னு இருக்கேன்" என்று தலையைக் குனிந்துகொண்டு சொல்லும் பிள்ளைகள் நிறைய. எந்த வழியாக வந்தாலும் எனக்குச் சம்மதம்தான். வந்த பிறகும் கிடைக்காத சீட்டையே நினைத்துக்கொண்டு மூன்று வருடம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால்தான் கஷ்டம்.

வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடம் பி.எஸ்சி. தாவரவியல் அல்லது விலங்கியல். அதன் பிறகு பி.எட்.; 2015 முதல் அது இரண்டு வருடப் படிப்பு. பிறகு ஆசிரியர் தகுதித் தேர்வில் இரண்டாம் தாள். அதில் தேறினால் மட்டும் அரசு வேலை வந்துவிடாது. ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் போட்டித் தேர்வு தனியாக இருக்கிறது. பதினொன்றாம் பன்னிரண்டாம் வகுப்புகளுக்குப் போக வேண்டுமென்றால் எம்.எஸ்சி.யும் வேண்டும். நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு ஊட்டி அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. 1955-இல் தொடங்கியது, ஜான் சல்லிவன் கட்டிய கல் பங்களா இருக்கும் அதே வளாகம். கூடலூர்க்காரர்களுக்கு மைசூரும் எட்டும் தூரம்தான். அங்கே மண்டலக் கல்வியியல் நிறுவனத்தில் பி.எஸ்சி.யையும் பி.எட்.டையும் சேர்த்து நான்கு வருடப் படிப்பாகத் தருகிறார்கள். பிளஸ் டூ முடிக்கும்போதே ஆசிரியர் வேலைதான் என்று முடிவு செய்துவிட்டவர்களுக்கு அது நல்ல வழி. ஒரு வருடமும் மிச்சம்.

சேரும் முன்பு ஒரு விஷயத்தைப் பார்த்துவிடுங்கள். உயிரித் தொழில்நுட்பம், நுண்ணுயிரியல், வனவிலங்கு உயிரியல் என்று பட்டத்தின் பெயர் வேறாக இருந்தால், ஆசிரியர் பணிக்கு அது தாவரவியலுக்கோ விலங்கியலுக்கோ இணையானதுதானா என்று அரசாணையைப் பார்க்க வேண்டும். படித்து முடித்து, சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போய் நின்று, "இது இணையான படிப்பு இல்லை" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கல்லூரி வாசலிலேயே கேட்டுவிட்டால் அந்த அலைச்சல் இல்லை.

தகுதித் தேர்வைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன். இரண்டாம் தாள் மொத்தம் 150 மதிப்பெண். அதில் கணக்கும் அறிவியலும் சேர்ந்தே 60தான். மீதி 90-ம் குழந்தை வளர்ச்சியும் உளவியலும், தமிழ், ஆங்கிலம். நான் பார்த்தவரை, பாடத்தில் கெட்டிக்காரப் பிள்ளைகள் கோட்டை விடுவது அந்த 90-இல்தான்.

படிப்பு முடிந்து பள்ளிக்குள் நுழைந்த முதல் வாரத்திலேயே ஒரு திகைப்பு காத்திருக்கும். பட்டதாரி அறிவியல் ஆசிரியர் ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை எடுக்க வேண்டும். பத்தாம் வகுப்பு அறிவியல் ஒரே புத்தகம். அதில் முதலில் வருவது இயற்பியல். நியூட்டன் விதி, ஒளிவிலகல், மின்னோட்டம் எல்லாம் நீங்கள்தான் நடத்த வேண்டும். கல்லூரியில் தாவரவியல் முதன்மைப் பாடமாக இருந்தவர்களுக்குத் துணைப்பாடமாக வேதியியலும் விலங்கியலும் வந்திருக்கும். இயற்பியலைப் பிளஸ் டூவோடு மூட்டை கட்டி வைத்திருப்பார்கள். சின்னப் பள்ளிகளில் "இயற்பியலுக்கு வேறு ஆள் இருக்கிறார்" என்று சொல்ல ஆளே இருக்காது. ஆகவே பி.எஸ்சி. படிக்கிற மூன்று வருடமும் பள்ளிக்கூட இயற்பியல் புத்தகம் உங்கள் அலமாரியிலேயே இருக்கட்டும்.

இதைப் பாரமாக நினைக்க வேண்டியதில்லை. மலையில் இருப்பதே பாதி உதவி. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று புத்தகம் சொல்கிறது. ஊட்டி இருப்பது கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில், காற்றழுத்தம் குறைவு. இங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். வகுப்பில் ஒரு வெப்பமானியும் ஸ்டவ்வும் வைத்துக் காட்டினால், புத்தகம் தப்பா, வெப்பமானி தப்பா என்று பிள்ளைகளே சண்டை போடுவார்கள். ஊட்டியில் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாத காரணம் அப்போதுதான் அவர்களுக்குப் புரியும். ஆய்வகத்தில் கிருமி நீக்கத்துக்கு அழுத்தக் கலன் வைத்துக்கொள்வதும் அதே கணக்குத்தான் என்று அங்கிருந்து உங்கள் பாடத்துக்கு வந்துவிடலாம்.

சரி, நம் பாடத்துக்கே வருவோம். கல்லூரியில் தாவரவியல் துறை ஒரு பக்கம், விலங்கியல் துறை இன்னொரு பக்கம். இரண்டு துறைப் பிள்ளைகளும் கேன்டீனில் பார்த்துக்கொண்டால்தான் உண்டு. பள்ளிப் பிள்ளைக்கு அந்தச் சுவர் தெரியாது. அது கேட்கிற கேள்வி இரண்டு பக்கமும் தாண்டிப் போகும்.

பத்தாம் வகுப்பில் அட்டை பாடமாக இருக்கிறது. கூடலூர், பந்தலூர்ப் பிள்ளைக்கு அட்டையைப் படம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. ஜூன் மழையில் தேயிலைக் காட்டு வழியாக நடந்து வந்தால் சாக்ஸுக்குள்ளேயே கொண்டு வந்துவிடும். உப்பா புகையிலையா, எதைப் போட்டால் விழும் என்பதில் நம்மைவிட அவர்களுக்கு அனுபவம் அதிகம். ஆனால் புத்தகத்தில் இருப்பது ஹிருடினேரியா கிரானுலோசா என்ற கால்நடை அட்டை. குளத்திலும் குட்டையிலும் இருப்பது, நீந்துவது. நம் காலில் ஏறுவது ஈரச் சருகில் இருக்கும் நில அட்டை. அதற்கு நீச்சல் வாழ்க்கை இல்லை; இரண்டு ஒட்டுறிஞ்சிகளையும் மாற்றி மாற்றி ஊன்றி வளைந்து வளைந்து வரும். இந்த வித்தியாசத்தை ஆசிரியர் சொல்லாவிட்டால், கவனித்துப் பார்க்கிற பிள்ளை புத்தகத்தின் மேல் நம்பிக்கை இழந்துவிடும். கவனிக்காத பிள்ளை மனப்பாடம் செய்துவிட்டுப் போய்விடும், அது இன்னும் மோசம். இரண்டுக்கும் பொதுவானது எது, கடித்த பிறகும் ரத்தம் உறையாமல் ஒழுகுவது ஏன் என்று கேட்டு, அங்கிருந்து அட்டையின் எச்சிலில் இருக்கும் ஹிருடினுக்குப் போங்கள். பாடம் தானாக நகரும்.

அறுத்துப் பார்க்கும் வேலை இப்போது கல்லூரியிலேயே இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2011-இல் அதைக் குறைக்கச் சொல்லி, 2014-இல் அடியோடு நிறுத்தச் சொல்லிவிட்டது. தவளையை அறுத்தால்தான் விலங்கியல் என்று நினைத்த தலைமுறை நாங்கள். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. அந்த நேரத்தை உயிரோடு இருப்பதைப் பார்ப்பதற்குக் கொடுக்கலாம், கொடுக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

இந்த மாவட்டத்தில் அறிவியல் ஆசிரியராகப் போகிறவர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு கதைக்கு இப்போது வருகிறேன்.

ஊட்டியிலிருந்து கூடலூர் இறங்கும் வழியில் நடுவட்டம். 1860-களில் வெள்ளைக்காரர்கள் தென் அமெரிக்காவிலிருந்து சின்கோனா மரத்தைக் கொண்டுவந்து தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டம் போட்டார்கள். ஊட்டி தாவரவியல் பூங்காவை உருவாக்கிய மெக்ஐவர்தான் அதையும் பார்த்துக்கொண்டார். அந்தப் பட்டையிலிருந்து வரும் கொய்னா அன்றைக்கு மலேரியாவுக்கு மருந்து. சின்கோனா ருபியேசி குடும்பம். காப்பியும் அதே குடும்பம். எதிரெதிர் இலைகள், இரண்டு காம்புக்கும் நடுவே ஒரு சின்ன இலையடிச் செதில். சின்கோனா பார்க்காத பிள்ளைக்கும் வீட்டுப் பக்கத்துக் காப்பிச் செடியில் அதைக் காட்டிவிடலாம். இதுவரை தாவரவியல்.

மருந்து வேண்டியிருந்தது ஏன்? கூடலூர், வயநாடு பள்ளத்தாக்குகள் அந்தக் காலத்தில் மலேரியாவுக்குப் பேர் போனவை. பிளாஸ்மோடியம், கொசு, ரத்தச் சிவப்பணுவுக்குள் அந்த ஒட்டுண்ணி பெருகுவது, இதெல்லாம் விலங்கியல்.

1952-இல் லேமன், கட்புஷ் என்ற இருவர் நீலகிரிப் பழங்குடி மக்களின் ரத்தத்தைச் சோதித்து, அரிவாள் செல் பண்பு இங்கே இருப்பதைக் கண்டார்கள். இந்தியாவில் அதுதான் முதல் பதிவு. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளுடாமிக் அமிலம் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் வேலின் என்ற இன்னொன்று. அந்த ஒரே ஒரு மாற்றத்தால், ஆக்சிஜன் குறையும்போது வட்டமான சிவப்பணு அரிவாள் போல வளைந்துவிடுகிறது. சாதாரணச் சிவப்பணு 120 நாள் இருக்கும். இது 10 முதல் 20 நாளில் அழிந்துவிடும். அதனால் சோகை. சின்ன ரத்தக் குழாய்களில் அடைத்துக்கொள்வதால் தாங்க முடியாத வலி. இது உயிர்வேதியியல்.

இவ்வளவு கெடுதல் செய்யும் மரபணு தலைமுறை தலைமுறையாக ஏன் அழியாமல் இருக்கிறது? பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் அந்த மரபணுவைப் பெற்றவருக்குப் பெரும்பாலும் நோய் வருவதில்லை. கடுமையான மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பும் கிடைக்கிறது. ரத்த நோய் மரபணுக்கள் மலேரியாவைத் தாங்க உதவுகின்றன என்ற யோசனையை மரபியல் அறிஞர் ஹால்டேன் 1949-இல் முன்வைத்தார். பிற்காலத்தில் இந்தியாவுக்கே வந்து குடியுரிமை வாங்கிக்கொண்ட அதே ஹால்டேன்தான். அரிவாள் செல் விஷயத்தில் அதற்கான ஆதாரத்தை அலிசன் என்ற ஆய்வாளர் 1954-இல் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து தந்தார். இயற்கைத் தேர்வு என்றால் என்ன என்று கேட்கும் பிள்ளைக்கு ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து வரை போக வேண்டாம். கூடலூர்ப் பள்ளத்தாக்கே போதும். இது பரிணாமம்.

தாவரவியல், விலங்கியல், வேதியியல், மரபியல், வரலாறு எல்லாம் ஒரே மலைச்சரிவில் கிடக்கின்றன. கல்லூரியில் இவற்றை நான்கைந்து செமஸ்டர்களில், நான்கைந்து பேராசிரியர்களிடம், தனித்தனி யூனிட்டாகத்தான் படிப்பீர்கள். யாரும் சேர்த்துத் தர மாட்டார்கள். சேர்க்கும் வேலை உங்களுடையது. அதற்குப் பட்டம் வாங்கும் வரை காத்திருக்காமல் முதல் வருடத்திலேயே தொடங்கிவிடுங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

ஆனால் இந்தப் பாடத்தை வகுப்பில் எடுப்பது லேசான காரியம் இல்லை. பணியர், குறும்பர், இருளர், காட்டுநாயக்கர் குடும்பத்துப் பிள்ளைகள் உங்கள் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் ஒருவருக்கு அந்த நோய் இருக்கலாம். பக்கத்து பெஞ்சுப் பிள்ளை அண்ணனை அதில் இழந்திருக்கலாம். "யாருக்கெல்லாம் இருக்கு, கை தூக்குங்க" என்று கேட்கவே கூடாது. வீட்டு வம்சாவளியைப் போர்டில் போடச் சொல்லவும் கூடாது. கரும்பலகையில் பட்டாணிச் செடி இருக்கட்டும். நோய் இல்லாமல் அந்த மரபணுவை மட்டும் சுமக்கும் இரண்டு தாங்கிகளுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு என்ற கணக்கைப் பெயர் இல்லாமல் போடுங்கள். "மூத்த பிள்ளைக்கு வந்துட்டா அடுத்த மூணுக்கும் வராதா டீச்சர்?" என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். ஒவ்வொரு பிரசவத்துக்கும் அதே கணக்கு புதிதாகத் தொடங்கும் என்பதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். நாளைக்குக் கல்யாணப் பேச்சு வரும்போது அந்தப் பிள்ளைக்கு உதவப் போவது இந்த ஒரு வரிதான். இது யாருடைய குலத்தின் குறையும் இல்லை, மலேரியாவோடு போராடிப் பிழைத்தவர்களின் ரத்தத்தில் இருக்கும் தடயம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

பாடத்துக்கு வெளியிலும் வேலை இருக்கிறது. இந்த நோய் உள்ள பிள்ளைக்குக் குளிர், தண்ணீர் குறைவது, அளவு மீறிய ஓட்டம், காய்ச்சல் இதெல்லாம் வலியைக் கிளப்பிவிடும். தண்ணீர் அதிகம் குடிக்க வேண்டும். அதனால் அடிக்கடி பாத்ரூம் போக அனுமதி கேட்கும். "பீரியட் முடியட்டும்" என்று உட்கார வைப்பவர் மரபியலில் முதல் வகுப்பு வாங்கியிருந்தாலும் எனக்கு அவர் உயிரியல் ஆசிரியர் இல்லை. விளையாட்டு ஆசிரியரிடமும் விடுதிக் காப்பாளரிடமும் பேசி வைப்பதும் நம் பொறுப்புதான்.

கல்லூரியில் இருக்கும்போது செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது, ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன். சாலையோரத்துச் சீகை (வாட்டில்) மரத்தடியில் ஒரு சதுர மீட்டர், பக்கத்தில் மரமில்லாத புல்லில் ஒரு சதுர மீட்டர் அளந்துகொண்டு, மழைக்கு முன்னும் பின்னும் என்ன முளைக்கிறது என்று எழுதி வையுங்கள். காப்புக்காட்டுக்குள் போக வேண்டாம், எதையும் பிடுங்கவும் வேண்டாம். சீகையும் அவரைக் குடும்பம்தான். வேர் முடிச்சு, நைட்ரஜன், அயல் தாவரம் என்று மூன்று பாடத்துக்குச் சொந்தக் குறிப்பு உங்கள் கையில் இருக்கும். ரெக்கார்டு நோட்டுக்காக வரைந்த படத்தைவிட இது வகுப்பில் உதவும்.

கடைசியாக, பி.எட். இரண்டாம் வருடத்தில் 16 வாரம் பள்ளியில் பயிற்சி. பெரும்பாலோர் பஸ் வசதி பார்த்து டவுன் பள்ளியாகக் கேட்பார்கள். நீங்கள் ஒரு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியைக் கேட்டுப் பாருங்கள். கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும், போட்டி இருக்காது. போகும்போது நல்ல மழைக்கோட்டும் முழங்கால் வரை வரும் சாக்ஸும் எடுத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் உப்பும்.

வணக்கம்.