கொல்லாமல் விடும் வைரசு

(கிளிநொச்சியில் உயர்தர வகுப்பு உயிரியல் மாணவர்களும் கோழி வளர்ப்போரும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

முற்றத்தில் நன்றாக மேய்ந்து திரிந்த மூன்று மாதப் பேடு ஒன்று நொண்டத் தொடங்கி, சில நாட்களில் ஒரு காலை முன்னும் மற்றக் காலைப் பின்னுமாக நீட்டியபடி படுத்துவிடுவதை உங்களிற் சிலர் கண்டிருப்பீர்கள். அத்தகைய கோழியை அறுத்துப் பார்த்தால் ஈரல் பருத்து, அதில் வெளிறிய கட்டிகள் இருப்பதுண்டு. 1907 இல் இந்நோயை முதலில் விவரித்த ஹங்கேரிய மிருக வைத்தியர் யோசெப் மாரெக், இதை நரம்புகளின் அழற்சி என்றே எழுதினார். அதற்குக் காரணம் ஹேர்பீஸ் குடும்பத்து வைரசு, அதாவது இன்று அவர் பெயரால் மாரெக் வைரசு எனப்படுவது, என்பது தெரியவர 1967 ஆகிவிட்டது. ஈரலில் இருந்தவை புற்றுக்கட்டிகள்.

இந்தக் குடும்பம் நமக்குப் புதிதன்று. அம்மாள் வருத்தம் என்று வேப்பிலை கட்டி வீட்டைத் துப்புரவாக வைத்திருக்கிறோமே, அந்தக் கொப்புளிப்பானும், பல ஆண்டுகள் கழித்து அதே வைரசு மீண்டெழுந்து தரும் அக்கியும், உதட்டோரத்தில் வரும் நீர்க்கொப்புளமும் ஹேர்பீஸ் வைரசுகளின் வேலைகளே. அங்கெல்லாம் வைரசு கலத்துக்குள் புகுந்து, தன்னைப் பெருக்கி, கலத்தை உடைத்துக்கொண்டு வெளியேறுகிறது. உடைந்த கலம் செத்துப்போகும். செத்த கலம் புற்றாக முடியாது. ஆகவே நாம் கேட்கவேண்டிய கேள்வி, வைரசு எப்போது கலத்தைக் கொல்லாமல் விடுகிறது என்பதுதான்.

1971 இல் டஃப், ராப் என்னும் இரு ஆய்வாளர்கள் இதைச் செயற்கையாகச் செய்து பார்த்தார்கள். பிறப்புறுப்பில் புண் உண்டாக்கும் இரண்டாம் வகை ஹேர்பீஸ் வைரசின் மீது ஊதாக் கடந்த கதிரைப் பாய்ச்சி, கொல்லும் ஆற்றலை அழித்து, ஹம்ஸ்ரர் என்ற எலியினத்தின் முளையக் கலங்களில் அதைத் தொற்றவைத்தார்கள். சில கலங்கள் கட்டுப்பாடின்றிப் பெருகின; அவற்றை ஹம்ஸ்ரர்களுக்கு ஏற்றியபோது கட்டிகள் வளர்ந்தன. கருப்பைக் கழுத்துப் புற்றுக்கும் இதே வைரசுதான் காரணம் என்ற நம்பிக்கை அக்காலத்தில் வலுப்பெற்றிருந்தது. ஆனால் நோயாளிகளின் புற்றுக்கலங்களில் தேடியபோது அதன் டிஎன்ஏ ஒழுங்காகக் கிடைக்கவில்லை. வைரசு கலத்தைக் கெடுத்துவிட்டுத் தடயமின்றி மறைந்துவிடுகிறது என்று அதற்கும் ஒரு விளக்கம் சொன்னார்கள். எனக்கு அந்த விளக்கம் ஒருபோதும் நிறைவளித்ததில்லை. யானை இறங்கிய வயலில் அடிச்சுவடாவது கிடக்கும். சுவடே இல்லாத யானையை இல்லையென்று நிறுவவும் வழியில்லை, உண்டென்று நம்பவும் வழியில்லை. 1983 இல் ஹரல்ட் சூர் ஹவுசனின் குழு கருப்பைக் கழுத்துப் புற்றில், ஹேர்பீஸ் குடும்பத்தைச் சேராத பப்பிலோமா வைரசின் 16 ஆம் வகையைக் கண்டறிந்தது. 2008 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சுவடு தெளிவாகக் கிடைத்த இடமும் உண்டு. 1958 இல் உகண்டாவில் பணியாற்றிய டெனிஸ் பேர்கிற் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர் சிறுவர்களின் தாடையில் வரும் ஒருவகைக் கட்டியை விவரித்தார். 1964 இல் எப்ஸ்ரீன், அச்சொங், பார் ஆகிய மூவரும் அக்கட்டியிலிருந்து வளர்த்த கலங்களில், இலத்திரன் நுணுக்குக்காட்டியின் உதவியால், ஒரு ஹேர்பீஸ் வைரசைக் கண்டார்கள். எப்ஸ்ரீன்-பார் வைரசு எனப்படும் அது உலகில் வளர்ந்தோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் உடலில் இருப்பது. வெண்குருதிக்கலங்களில் பி வகையினுள் புகுந்து, தன் டிஎன்ஏயை வளையமாக்கி, ஒரு புரதத்தால் அதைக் கலத்தின் டிஎன்ஏயைத் தாங்கும் நிறமூர்த்தங்களோடு பிணைத்துக்கொள்கிறது. கலம் பிரியும்போது வைரசும் பங்கு பெறுகிறது.

இரணைமடுக் குளத்தில் சிறுபோகத்துக்கு எவ்வளவு நீர் என்று கமக்காரர் கூடித் தீர்மானித்த பின்னர்தான் துருசு திறக்கப்படுகிறது. கலம் பெருகுவதற்கும் அப்படியொரு வெளிக்கட்டளை தேவை. அக்கட்டளையை வாங்கும் புரதங்கள் கலத்தின் மேற்பரப்பில் உள்ளன. எப்ஸ்ரீன்-பார் வைரசின் ஒரு புரதம் அவற்றுள் ஒன்றைப் போல நடித்து, கட்டளை வராமலே எப்போதும் திறந்த துருசாக நிற்கிறது. ஆய்வுகூடத் தட்டில் இந்த வைரசு தொற்றிய பி கலங்கள் ஓயாமல் பெருகுவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

ஆனால் பேர்கிற் கண்ட கட்டியில் வைரசின் இந்தத் துருசு பெரும்பாலும் மூடியே இருக்கும். அங்கே உடைந்திருப்பது கலத்தின் சொந்தத் துருசு: நிறமூர்த்தங்களின் துண்டுகள் இடம்மாறி, பெருக்கத்தைத் தூண்டும் பரம்பரையலகு ஒன்று, பிறபொருளெதிரியை உருவாக்கும் பரம்பரையலகின் அருகில் போய் ஓய்வின்றி இயங்குகிறது. மீண்டும் மீண்டும் வரும் மலேரியா பி கலங்களைப் பெருகத் தூண்டி, இத்தகைய தவறுகளுக்கு இடங்கொடுக்கிறது. குளிர்காய்ச்சலில் நடுங்கிக் கிடந்த நாட்களை இந்த அவையின் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 2016 இல்தான் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றளித்தது.

இனிக் கோழிக்கு வருவோம். மாரெக் வைரசு ஒரே உடலில் இருவிதமாக நடந்துகொள்கிறது. இறகு முளைக்கும் குழிகளின் கலங்களில் அது முழுமையாகப் பெருகி, செதில் தூசியோடு வெளியேறிக் கூடெங்கும் பரவுகிறது. டி வகை வெண்குருதிக்கலங்களிலோ நிறமூர்த்த முனைகளில் தன்னைச் செருகிக்கொண்டு பதுங்குகிறது. அங்கே மெக் என்னும் அதன் புரதம் கலத்தின் பரம்பரையலகுகளைத் தன் விருப்பப்படி இயக்கிக் கட்டியை உண்டாக்குகிறது. பரவுவதற்கு உதவுவது இறகுதான். கட்டியால் வைரசுக்கு ஒரு பயனும் இல்லை.

1970 அளவில் வான்கோழியின் தீங்கற்ற ஹேர்பீஸ் வைரசைக் கொண்டு தடுப்பூசி வந்தது. புற்றொன்றைத் தடுத்த முதல் வெற்றிகரமான தடுப்பூசிகளில் அது சேரும். எனினும் அது கட்டியைத் தடுக்கிறதே தவிரத் தொற்றைத் தடுப்பதில்லை. ஊசி போட்ட கோழியும் வைரசைத் தூசியில் உதிர்க்கலாம். எனவே ஒருநாட் குஞ்சு வாங்கும்போது, பொரித்த இடத்திலேயே இந்த ஊசி போடப்பட்டதா என்று கேளுங்கள். குஞ்சுகளைப் பழைய கோழிகளின் கூட்டில் விடாதீர்கள். ஊசி பலன் தருமுன் தூசி முந்திக்கொள்ளும்.

இந்த இறைச்சியை உண்டால் மனிதருக்குப் புற்று வருமா என்று முன்வரிசையில் ஓர் அம்மா கேட்டார். மாரெக் வைரசு மனிதரில் நோய் உண்டாக்குவதாக இதுவரை நிறுவப்படவில்லை. ஆயினும் நோயுற்று மெலிந்த கோழியைச் சட்டியில் போடாமல், ஆழக் குழிதோண்டிப் புதைத்துவிடுங்கள், அம்மா.