இரண்டு நிமிடத்தில் எழுதிய குரூப்

(பத்தாம் வகுப்பு முடித்த மாணவர்களும் பெற்றோரும் கூடியிருந்த தண்டையார்பேட்டைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெற்றோர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

மேல்நிலை வகுப்புகளுக்கு நெடுங்காலம் வணிகவியல் கற்பித்தவன் நான். சேர்க்கை நாள் ஒன்றில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். காசிமேட்டில் மீன் ஏலம் முடிந்த கையோடு வந்திருந்த ஒரு தாய், முந்தானையில் சுற்றி ஈரம் படாமல் கொண்டுவந்த மதிப்பெண் பட்டியலை மேசைமீது வைத்தார். எதிரே இருந்த ஆசிரியர் கூட்டுத்தொகையை மட்டும் பார்த்துவிட்டு, "முந்நூத்தி இருபதா? காமர்ஸ் போட்டுடலாம்மா" என்று படிவத்தில் எழுதினார். பக்கத்தில் நின்ற பையனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எல்லாம் இரண்டு நிமிடத்தில் முடிந்தது. அந்த ஆசிரியர் வேறு யாருமில்லை, நான்தான்.

இரண்டு ஆண்டு கழித்து அதே பையன் வந்து, கப்பலில் எஞ்சினியராக வேண்டும், எந்தக் கல்லூரியில் விண்ணப்பிப்பது என்று கேட்டான். இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வை எழுதிக் கப்பல் பொறியியல் படிக்க, பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் படித்திருக்க வேண்டும். அவனிடம் இருந்தவை கணக்குப்பதிவியலும் பொருளியலும். துறைமுகத்துக்கு நடந்து போகும் தூரத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்குக் கப்பலேறும் வழியை நான் அடைத்திருந்தேன்.

கணிதமும் அறிவியலும் சேர்ந்த முதல் குரூப் மேலே, காமர்ஸ் நடுவே, வரலாறு கடைசியில் என்று ஓர் ஏணியை, 1978இல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி வந்த பிறகு நாமாகவே கட்டிக்கொண்டோம். எந்தப் பாடம் எந்த வாசலைத் திறக்கும் என்ற கணக்கு அந்த ஏணியில் இல்லை. பட்டயக் கணக்காளர் படிப்புக்கு இன்ன குரூப்தான் வேண்டும் என்ற விதியே கிடையாது. ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் வரலாறு படித்தவரும் சேரலாம். குடிமைப் பணித் தேர்வு கேட்பது ஒரு பட்டம் மட்டுமே, அது எந்தப் பாடத்தில் வாங்கிய பட்டமாகவும் இருக்கலாம்.

இறுக மூடிக்கொள்ளும் வாசல்களும் உண்டு. கணிதம் இல்லாத தூய அறிவியல் பிரிவை எடுத்தவருக்கு தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் இடமில்லை. அங்கே 200க்குக் கணக்கிடும் கட்-ஆஃபில் கணிதத்துக்கு மட்டும் 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் 50, 50. கணினி அறிவியல் மதிப்பெண் அந்தக் கணக்கில் சேருவதே இல்லை. ஆகவே, கம்ப்யூட்டர் எஞ்சினியரிங் படிக்கக் கம்ப்யூட்டர் குரூப்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் பெற்றோர், உயிரியலோடு கணிதம் படித்தவரும் அதே இடத்துக்குப் போட்டியிடுகிறார் என்பதை அறிந்துகொள்வது நல்லது. பி.எஸ்ஸி. நர்சிங்குக்கும் மருத்துவத்துக்கும் உயிரியல் இன்றி வழியில்லை. பொன்னேரி மீன்வளக் கல்லூரியில் பட்டப்படிப்புக்குச் சேர நினைப்பவரும் அந்தப் பாடத்தை விட்டுவிடக் கூடாது. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதியவரும் நீட் தேர்வுக்கு வரலாம் என்று 2023இல் விதியைத் தளர்த்தினார்கள் என்பது உண்மைதான். ஆனால் அதற்காக ஓராண்டைச் செலவிட எத்தனை வீட்டில் வசதி இருக்கிறது?

மணலியில் சுத்திகரிப்பு ஆலை, அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம், பெரம்பூரில் ரயில்பெட்டித் தொழிற்சாலை என எல்லாம் நம் பக்கத்திலேயே இருக்க, அவற்றின் புகையைச் சுவாசிக்கும் நம் பிள்ளைகளில் பலர் உள்ளே போவது ஒப்பந்தக் கூலியாகத்தான் என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். இதற்கு மேல்நிலைப் பள்ளி ஒன்றே வழி என்றும் இல்லை. பத்தாம் வகுப்போடு பாலிடெக்னிக்கில் சேர்ந்தால் மூன்றாண்டில் டிப்ளமோ கைக்கு வரும், அதைக் கொண்டு பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். மதிப்பெண் குறைந்தவன் போகும் இடம் என்று அதை நாம் ஒதுக்கிவைத்தது பெரும் பிழை.

படிவம் வாங்கப் போகும் முன், பிள்ளை விரும்பும் இரண்டு வேலைகளை ஒரு தாளில் எழுதச் சொல்லி, அவற்றுக்கான படிப்பின் சேர்க்கை விதி கேட்கும் பாடங்களைக் கீழே குறித்துக்கொள்ளுங்கள். மேசையில் இருப்பவர் என்னைப் போல் கூட்டுத்தொகையை மட்டும் பார்த்தால், அந்தத் தாளை எடுத்து முன்னால் வையுங்கள். சேர்ந்த பின் மனம் மாறினால், பாடம் வெகுதூரம் போவதற்குள், முதல் சில நாட்களிலேயே தலைமை ஆசிரியரைப் பார்த்துவிடுங்கள்.